மே மாதத்தில் நடவு கிடையாது: வாழும் அருங்காட்சியகத்துக்குக் கோடைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

வரலாறு, தொல்லியல், விஸ்காம், சமூகப்பணி என்று எதைப் படித்தாலும் சரி, கோடைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளின் மனசில் ஒரே படம்தான் இருக்கிறது. சேற்றில் இறங்கி, வரிசையாகக் குனிந்து, பாட்டுப் பாடிக்கொண்டு நாற்று நடுவது. வருகிற பார்வையாளர்களும் அதைத்தான் கேட்பார்கள். கல்லூரி விடுமுறை விடுவது ஏப்ரல் கடைசியில். அப்போது காவிரியில் தண்ணீர் இருக்காது, வயல் வெடித்துக் கிடக்கும், சம்பா அறுத்து அதன்மேல் விதைத்த உளுந்தையும் பயறையும் எடுத்தாகிவிட்டிருக்கும். அந்த மாதத்தில் அந்தக் காலத்து டெல்டா வீடு ஒன்றில் என்ன வேலை நடந்திருக்குமோ அதைத்தான் பயிற்சி மாணவர் கற்றுக்கொள்ள வேண்டும், செய்து காட்டவும் வேண்டும். மற்றதெல்லாம் நாடகம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துப் பூட்டாமல், பழைய வீட்டையும் பழைய வேலையையும் நடத்திக் காட்டும் முறை 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் திறக்கப்பட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது முட்டுக்காட்டில் 1996இல் பொதுமக்களுக்குத் திறந்த தட்சிணசித்ரா. டெல்டாவில் இதையே சின்ன அளவில், ஒரு பழைய பண்ணை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ செய்கிறவர்களுக்கும் அங்கே பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக. பிப்ரவரிக்குள் கேட்டுவிடுங்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், படிப்புச் சான்று, நான்கிலிருந்து ஆறு வாரம் வரை தேதி குறித்த ஒப்புதல் இவை போதும். பெரும்பாலான இடங்களில் சம்பளம் இருக்காது. சாப்பாடோ பஸ் செலவோ கிடைத்தால் உண்டு. வெட்கப்படாமல் முதலிலேயே கேட்க வேண்டியவை: தங்க இடம் உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, அடிபட்டால் செலவு யாருடையது. "வேலை என்ன?" என்று கேட்டால் "எல்லாம்தான்" என்று பதில் வந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரமும் டிக்கெட் கிழித்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

நேரமும் முக்கியம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். வெளிவேலை காலை ஆறரையிலிருந்து பத்தரை, மறுபடி நாலு மணிக்கு மேல். நடுப்பகல் பதிவேட்டு வேலைக்கு. இதை நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். அடுப்படியிலும் களத்திலும் உச்சிவெயிலில் நின்று மயங்கி விழுவதில் வரலாற்று உண்மை எதுவும் இல்லை. அந்தக் காலத்துக்காரர்களும் அந்த நேரத்தில் திண்ணையில்தான் இருந்தார்கள்.

நெல் அவித்துக் குத்துவது

கோடையில் காட்டக்கூடிய வேலைகளில் இதற்கு ஈடு வேறில்லை. வெயில் வேண்டும், களம் வேண்டும், ஆள் வேண்டும்; மூன்றும் மே மாதத்தில் கிடைக்கும். மூன்று நாள் வேலை என்பதால் எந்த நாளில் வருகிற பார்வையாளருக்கும் ஏதாவது ஒரு கட்டம் கண்ணில் படும்.

பயிற்சிக்குப் பத்துக் கிலோ நெல் போதும். முதல் நாள் மாலை அண்டாவில் நெல்லைக் கொட்டி, மேலே நான்கு விரல்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, மிதக்கிற பதரை அரித்து எடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி ஊறினால் போதும். கோடையில் தண்ணீர் சூடாகவே இருப்பதால் மறுநாள் மத்தியானம் வரை விட்டால் புளித்த வாடை ஏறிவிடும். சோறு ஆன பிறகும் அந்த வாடை போகாது. வேலை தள்ளிப்போனால் தண்ணீரையாவது மாற்றுங்கள்.

மறுநாள் விடிகாலையில் வடித்துவிட்டு, அண்டா அடியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் மட்டும் விட்டு, நெல்லைப் போட்டு, ஈரச் சாக்கால் மூடி அடுப்பேற்ற வேண்டும். எரிக்கத் தென்னை மட்டை, பன்னாடை, உமி எது இருந்தாலும் சரி. ஆவி மேல் வரைக்கும் வந்து, மேலே இருக்கும் நெல்லின் வாய் லேசாகப் பிளந்தால் இறக்கிவிட வேண்டும். எல்லோரும் தவறு செய்கிற இடம் இதுதான். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டால் அரிசி உமியை விட்டு வெளியே பிதுங்கும், காய்ந்ததும் அது உடைந்து நொய்யாகும். சீக்கிரம் இறக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும், அதுவும் குத்தும்போது அந்த இடத்திலேயே உடையும்.

அடுத்தது காயவைப்பது. சாணி மெழுகிய களத்தில் இரண்டு விரல்கடை கனத்துக்கு மேல் பரப்பக்கூடாது. அரைமணிக்கு ஒருதரம் காலால் கோடு இழுத்தபடி நடந்து புரட்ட வேண்டும். ஒருமுறை கிழக்கு மேற்காக, அடுத்தமுறை வடக்கு தெற்காக. ஒரே மூச்சில் வெயிலில் காயவைத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. நெல்லின் வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உள்பக்கம் ஈரமாக இருந்தால் அரிசியில் மயிரிழை வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது, உலக்கை பட்டதும் தெரியும். பாதி காய்ந்ததும் நிழலில் குவித்து மூடி இரண்டு மணி நேரம் விட்டு, உள்ளீரம் வெளியே வந்த பிறகு மறுபடி பரப்ப வேண்டும். பதம் பார்க்க ஒரு நெல்லை உரித்துக் கடித்துப் பாருங்கள். நசுங்கினால் ஈரம். 'டிக்' என்று இரண்டாக உடைந்தால் சரி. பொடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. களத்துக்குக் காவல் ஓர் ஆள் வேண்டும். ஆடு, கோழி, காக்காய் மட்டுமில்லை, நெல்லில் நடந்து விளையாட வரும் பார்வையாளர் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் குத்தலாம். அதற்கு முதல் நாள் மாலையே உலக்கையைப் பாருங்கள். கோடைக் காய்ச்சலில் மரம் சுருங்கி, நுனியில் இருக்கும் இரும்புப் பூண் தளர்ந்து ஆடும். அந்த நுனியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பிப் பூண் இறுகும். இதைப் பார்க்காமல் குத்த ஆரம்பித்தால் பூண் கழன்று உரலுக்குள் விழும், இல்லை என்றால் எதிரே நிற்கிறவர் காலில் விழும். உரலில் பாதிக்கு மேல் நெல் போடாதீர்கள். உரல் வாயில் குந்தாணி என்ற வளையத்தை வைத்தால் சிதறாது.

குத்துவதில் கையின் வேலை தூக்குவது மட்டும்தான். உலக்கை தன் பாரத்திலேயே விழ வேண்டும். கைபலத்தில் அழுத்திக் குத்துகிறவர்களுக்குக் கால்மணி நேரத்தில் தோள் போய்விடும், அரிசியும் உடையும். வலது கையால் தூக்கினால் அடுத்த முறை இடது கை. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால்தான் ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கலாம். இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்துவதைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முதல் இரண்டு வாரம் வேண்டாம். ஒருவர் கவனம் சிதறினால் இரண்டு உலக்கையும் மோதும்.

அப்புறம் முறம். புடைப்பது உமியைத் தள்ள, கொழிப்பது கல்லும் கனத்ததும் பிரிய, தெள்ளுவது நொய்யைப் பிரிக்க, நாவுவது முறத்தைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டி மிச்சத்தைத் தேர்ந்தெடுக்க. நான்கும் மணிக்கட்டின் நான்கு வேறு அசைவுகள். எழுத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. பக்கத்து ஊரில் இன்னும் இதைச் செய்கிற ஒரு பெரியம்மாவை ஒரு வாரம் கூலி கொடுத்து அழைத்து வருவதுதான் நிர்வாகம் செய்ய வேண்டிய நியாயமான செலவு. முறத்தின் பொத்தல்களுக்கு வெந்தயமும் காகிதமும் ஊறவைத்து அரைத்த கூழைப் பூசிக் காயவைத்தால் தவிடு வீணாகாது. இது தனியாக ஒருநாள் காட்டும் அளவுக்கு நல்ல வேலை, குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

பத்துக் கிலோ நெல்லில் நொய்யோடு சேர்த்து ஆறரை, ஏழு கிலோ அரிசி வரும். சுமார் இரண்டு கிலோ உமி, மிச்சம் தவிடு. மூன்றையும் மூன்று கூடையில் வைத்து எடை எழுதிவைத்தால் அதுவே நல்ல விளக்கப் பலகை.

வடகம், கீற்று, மெழுகல்

தாளிப்பு வடகம் போடுவதும் ஏப்ரல், மே மாத வேலைதான். ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்குப் பூண்டு 150 கிராம், ஊறவைத்த உளுந்து 100, கடுகு 50, சீரகமும் வெந்தயமும் ஆளுக்கு 50, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. வீட்டுக்கு வீடு அளவு மாறும். வருகிற ஒவ்வொரு அம்மாவும் உங்கள் அளவு தப்பு என்பார், தலையாட்டிவிட்டு அவருடைய அளவை எழுதிக்கொள்ளுங்கள். வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்சியில் அரைத்ததுபோல் கூழானால் தண்ணீர் விட்டுக் கசக்கும். ஒரு ராத்திரி மூடிவைத்து, காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் வைத்து, மாலையில் அதே சாற்றில் மறுபடி போட்டுப் பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்டி... சாறெல்லாம் ஏறும்வரை இப்படி. அதன்பின் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, கல்போல் ஆகும்வரை காயவைக்க வேண்டும். மொத்தம் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உருண்டை எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதானால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். கோடை மழை திடீரென்று வரும் என்பதால் தட்டை எடுத்து வைக்க யார் பொறுப்பு என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். தினமும் ஓர் உருண்டையைத் தனியாக எடுத்துவைத்து, ஒன்றாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை வரிசையாக ஒரு தட்டில் காட்டினால் பேசவே வேண்டாம்.

கீற்று முடைவதும் இந்தக் காலத்து வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மாற்றியாக வேண்டும். மட்டையை நடுவில் இரண்டாகப் பிளந்து, குளத்திலோ தொட்டியிலோ இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, ஈரத்தோடு முடைய வேண்டும். ஊறாத ஓலை மடிக்கும் இடத்தில் பிளக்கும். ரொம்ப நாள் ஊறினால் அழுகி நாறும், கூரையில் சீக்கிரம் மக்கும். ஓலை விளிம்பு விரலைக் கிழிக்கும் என்பதால் முதல் சில நாள் விரலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். வேயும்போது இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போக வேண்டும், மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் ஒரு முழமாவது படிய வேண்டும். 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் எத்தனை தோப்புகள் போயின என்பது பார்வையாளர்களுக்கே தெரியும். கீற்று முடையும் இடத்தில் பேச்சு தானாகவே அங்கே போகும், விடுங்கள்.

மெழுகல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புதுச் சாணி, கரைசல் தோசைமாவைவிடத் தளர்வாக, உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கி, கையின் வீச்சளவுக்கு அரைவட்டம் அரைவட்டமாக. கெட்டியாகப் பூசினால் காய்ந்து ஏடு ஏடாகப் பெயரும். பெருக்காமல் மெழுகினால் சாணி தரையில் ஒட்டாமல் மணலோடு பெயர்ந்துவரும்.

தொடலாம், தொடக்கூடாது

இப்படிப்பட்ட இடங்களில் பொருள் இரண்டு வகை. பதிவேட்டில் எண் போட்ட பழம்பொருள் ஒன்று. தினசரி புழங்குவதற்காக வாங்கிய, அல்லது புதிதாகச் செய்துவைத்த சாமான் இன்னொன்று. இரண்டும் ஒரே சமையல்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதல் நாளே எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சேதம் நிச்சயம்.

பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பது வீட்டில் நல்ல பழக்கம். பழம்பொருளில் அது அழிவு. குடத்தின் கழுத்திலோ விளிம்பிலோ பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள்: வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து, ஊர்ப்பெயர், சில சமயம் சீர் கொடுத்த ஆண்டு. அந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதற்கு அதுதான் ஒரே சாட்சி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்தக் கோடு ஆழம் குறைந்துகொண்டே போகும். பழம்பொருளுக்கு மென்மையான உலர்ந்த பிரஷ், பருத்தித் துணி, அவ்வளவுதான். எழுத்து சரியாகப் படிக்க முடியவில்லை என்றால், இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும்.

எண்ணை ஸ்டிக்கரில் ஒட்டாதீர்கள். பசை கறையாகும், டெல்டாவின் ஈரக்காற்றில் விழவும் விழும். பருத்தி நாடாவில் அட்டை கட்டுங்கள். நேரடியாக எழுதியாக வேண்டும் என்றால் பாரலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசினில் ஒரு பூச்சு, அதன்மேல் மையால் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். கண்ணில் படாத இடமாக, ஆனால் பொருளைப் புரட்டாமலேயே தேடக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

புழங்கு சாமானிலும் இரண்டு எச்சரிக்கை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த எதையும் சமைத்துப் பார்வையாளருக்குக் கொடுக்காதீர்கள். பச்சைக் களிம்பு ஏறும், வயிறு கெடும். உள்பக்கம் வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் தெரிய ஆரம்பித்தாலே பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்தது ஈயச்சொம்பு. அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் பாத்திரம் பிழைத்திருக்கிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், அடி கழன்று தணலில் வெள்ளியாக ஓடும். "முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு" என்று அடுப்புக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். பார்வையாளர்களுக்குக் காட்டவும் இது நல்ல விஷயம். உலோகத்தின் உருகுநிலையைச் சமையல்கட்டிலேயே விளக்கிவிடலாம்.

எந்த வருஷத்து வீடு?

'அந்தக் காலத்தில்' என்ற சொல்லைப் பயிற்சிக் காலம் முழுக்கத் தடை செய்தால் தேவலை. வீடு எந்த ஆண்டைக் காட்டுகிறது என்று நிர்வாகம் ஒரு முடிவு எடுத்திருக்கும். எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். 1930 என்று வைத்தால் மேட்டூர் அணையைப் பற்றிப் பேசக்கூடாது. கட்டி முடித்தது 1934. ஜூன் 12 தண்ணீர் திறப்பு என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1930ஆம் ஆண்டு வீட்டில் தண்ணீர் வருவது தென்மேற்குப் பருவமழை மேலே எப்போது பிடிக்கிறதோ அப்போதுதான். இன்று பம்புசெட் வைத்திருப்பவர்கள் மே மாதத்திலேயே முன்பட்டக் குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். வருகிறவர் எதிர் வயலைக் காட்டி "அதோ நடுகிறார்களே" என்று கேட்பார். ஆழ்குழாய்க் கிணறு எப்படி இந்த ஊரின் காலண்டரையே மாற்றியது என்று சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

இன்னும் சில. 1957 ஏப்ரலுக்கு முன் 1 ரூபாய்க்கு 16 அணா, 1 அணாவுக்கு 4 காலணா. கிலோவும் லிட்டரும் அதற்கும் பிறகுதான் சந்தைக்கு வந்தன. அதுவரை 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். கலத்துக்கு 12 மரக்கால் என்று நினைவில் வைத்தால் போதும். மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது, ஆகவே "ஒரு மரக்கால் என்றால் இத்தனை கிலோ" என்று அடித்துச் சொல்லாதீர்கள். நாகப்பட்டினம் மாவட்டம் 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல் பிரிந்தன. 1991க்கு முன் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. மயிலாடுதுறையே 1982 வரை மாயவரம்தான். சமையல்கட்டில் எவர்சில்வர் டம்ளர், கயிற்றில் நைலான், முறத்தில் பிளாஸ்டிக் நார்ப் பின்னல், மாணவர் கையில் ஸ்மார்ட் வாட்ச் இவையெல்லாம் தினமும் காலையில் ஒரு சுற்று நடந்து எடுக்க வேண்டியவை. குடிதண்ணீர் கேனை எடுத்துவிடாதீர்கள். துணி போட்டு மூடுங்கள்.

யாருடைய உழைப்பு

இந்த வீடுகளில் பலவும் மிராசுதார் வீடுகள். தூண், முற்றம், ஊஞ்சல், பத்தாயம் என்று அழகைச் சொல்லி முடித்துவிட்டால் பாதிக் கதை போய்விடும். பத்தாயத்தில் நெல்லை நிரப்பியவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வரவில்லை. கூலி நெல்லைக் கொல்லைப்புறத்தில் அளந்து வாங்கினார்கள். ஆகவே பார்வையாளர் சுற்றும் வழியில் கொல்லைக் கதவும் இருக்க வேண்டும். அந்தக் கதவில் நின்று மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் தண்டனையாக இருந்ததையும், 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கீழத் தஞ்சையில் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் அதை எதிர்த்து நின்றதையும், 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும், 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்ததையும் சொல்லாமல் இந்த மண்ணின் நெல்லைப் பற்றிப் பேச முடியாது. சின்னக் குழந்தைகள் கூட்டத்தில் விவரத்தைக் குறைக்கலாம்; மறைக்கக்கூடாது.

வேஷம் கட்டி "நான் இந்த வீட்டுப் பண்ணையாள்" என்று பேசும் முறை வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் சிலவற்றில் உண்டு. இங்கே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாதியை நடித்துக் காட்டும் வேலையை எந்த மாணவருக்கும் கொடுக்கக்கூடாது. அந்தக் காலத்து வேஷ்டி, சேலை கட்டிக்கொள்ளலாம், வேலையும் செய்யலாம், ஆனால் பேச்சு "அவர்கள் இப்படிச் செய்தார்கள்" என்றே இருக்கட்டும். வேலைப் பங்கீட்டிலும் கவனம் வேண்டும். பெண்பிள்ளைகள் எல்லோரும் அடுப்படி, பையன்கள் எல்லோரும் களம் என்று தானாகவே பிரிந்துவிடும். வாராவாரம் சுழற்சி வைத்தால்தான் எல்லோருக்கும் எல்லாம் கைவரும்.

பேசுவதைவிடக் கை வேலையில் இருப்பதே முக்கியம். மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்கும் மாணவர் முன்னால் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. குத்திக்கொண்டே இருங்கள், கூட்டம் நின்றதும் உலக்கையை நிறுத்தி, "தூக்கிப் பார்க்கிறீங்களா?" என்று கேளுங்கள். தூக்கிப் பார்த்தவருக்குத்தான் கேள்வி வரும். கூட்டத்தில் வயதான ஒரு பெண்மணி முறத்தை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினால் நீங்கள் ஒதுங்கிவிடுங்கள். "ஆயா, உங்க ஊர் எது, எந்த வயசிலே கத்துக்கிட்டீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள்: ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்காராமல், போனை மடியில் வைக்காமல் ஒரு மணையில் வைத்து. அன்று மாலையே கோப்புக்குத் தேதி, ஊர், பொருள் என்று பெயர் வையுங்கள். 'புதிய பதிவு 17' என்று விட்டால் அது குப்பைதான்.

"அந்தக் காலச் சாப்பாட்டில் வியாதியே கிடையாது" என்று ஒருவர் சொல்வார். வாதம் வேண்டாம். ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை நேரம் குத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, அந்த வேலையை யார் செய்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.

விடுமுறை நாளில் வெளியே போக நேரம் கிடைத்தால், டெல்டாவிலேயே கைத்தொழில் நடக்கும் இடங்களைப் பாருங்கள்: சுவாமிமலையில் மெழுகு அச்சில் வார்க்கும் வெண்கலச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்துக்குப் பழைய வீடுகளிலிருந்து இறக்கிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பழைய வீட்டில் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு அது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே வேலை நடக்கும் நேரத்தில் போங்கள், கேள்வியை வேலை நிற்கும்போது கேளுங்கள், போட்டோவுக்கு முன் அனுமதி வாங்குங்கள்.

கடைசி வாரத்தை ஒப்படைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வருகிற ஆளுக்கு ஒரு நோட்டு: எந்த உலக்கையின் பூண் மாற்றியது, எத்தனை கிலோ நெல்லுக்கு எத்தனை நொய் விழுந்தது, எந்தக் கடையில் ஈயம் பூசக் கொடுத்தது, வடகம் எந்த ஜாடியில் இருக்கிறது, பார்வையாளர்கள் கேட்டு நம்மால் பதில் சொல்ல முடியாத கேள்விகள் எவை. அந்தக் கடைசிப் பட்டியலை நிர்வாகத்துக்குத் தனியாகவும் ஒரு நகல் கொடுங்கள். கல்லூரிக்கு எழுதும் அறிக்கையில் பாதி அந்த நோட்டிலிருந்தே வந்துவிடும். மீதிக்கு, தினமும் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிய நேரப் பதிவை இணைத்தால் போதும்.